பெரிய ஜீயர் – ஒரு திருநாமத்தின் பொருள்

திருவிழாக் காலங்களில் திவ்யதேசங்களுக்கு வந்து சேவிக்கும் அன்பர்களின் செவியில் ஜீயர் ஸ்வாமி எழுந்தருளுகிறார் என்னும் சொல் அடிக்கடி விழும். கூட்டம் விலகி வழிவிடும். காஷாயமும் முக்கோலும் தரித்த ஒரு துறவி, பிரபந்தகோஷ்டி முன்னே செல்ல, எம்பெருமானைச் சேவிக்க மெல்ல நடந்து வருவார். சேவித்தவர் கை தாமே குவியும். ஆயினும் அந்தத் திருநாமத்தின் பொருள் யாது, அது யாருக்கு எதற்காக அளிக்கப்படுகிறது என்று சிந்திப்பவர் சிலரே. அகராதியைப் புரட்டுவதைக் காட்டிலும், அத்திருநாமத்தைத் தம் வாழ்வினால் விளக்கிக் காட்டிய ஒரு மகானின் சரிதத்தை நினைப்பதே இதற்கு நல்ல வழி. வைணவ உலகம் பெரிய ஜீயர் என்று கொண்டாடும் ஸ்வாமி மணவாள மாமுனிகளே அந்த மகான்.

சொல்லும் மரபும்

ஜீயர் என்னும் சொல்லுக்குப் பெரியோர் கூறும் பொருள் பலவாம். வெல்க என வாழ்த்தும் வடமொழிச் சொல்லின் வழியே வந்ததாகச் சிலர் கொள்வர். தமிழில் சீயர் என எழுதப்படுவதால், சிங்கத்தைக் குறிக்கும் சீயம் என்னும் சொல்லோடு சேர்த்து மகிழ்வாரும் உளர். வழக்கத்தில் அது மரியாதை நிறைந்த அழைப்பாக நின்று, பின்னர் திரிதண்டம் ஏந்திய வைணவத் துறவியருக்கே உரியதாயிற்று. மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றையும் அடக்கி ஆள்வதற்கு அறிகுறியே அந்த முக்கோல். சிகையையும் யஜ்ஞோபவீதத்தையும் நீக்காமல் வைத்துக்கொள்வது இத்துறவியரின் முறை.

இத்திருநாமத்தின் சுவையை அறிய ஆசார்ய பரம்பரையில் இரண்டு சரிதங்கள் உண்டு. முதலாவது நஞ்சீயருடையது. மேல்நாட்டில் பெருஞ்செல்வமும் பெரும்புலமையும் உடையவராய் வாழ்ந்த வேதாந்தி மாதவர், பராசர பட்டரிடம் வாதில் தோற்று அவருக்கே சிஷ்யரானார். பின்பு செல்வத்தையும் இல்லத்தையும் துறந்து, காஷாயம் பூண்டு திருவரங்கம் வந்து சேர்ந்தார். அவரைக் கண்ட பட்டர் உள்ளம் குளிர்ந்து, நம்முடைய ஜீயர் வந்தார் என்று உரிமையோடு அழைத்தார். நம் ஜீயர் என்ற அவ்வழைப்பே நஞ்சீயர் என்று நிலைத்தது. துறவின் பெருமையைக் காட்டிலும் ஆசார்யனுக்கு உரியவர் என்ற உறவே அத்திருநாமத்தில் முன்னிற்பதைக் காண்க.

இரண்டாவது வாதிகேசரி அழகிய மணவாள ஜீயருடையது. இவர் பெரியவாச்சான் பிள்ளையின் திருமடைப்பள்ளியில் தளிகைக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்தவர். கல்வி அறியாதவர். ஒருநாள் வித்வான்கள் கூடிப் பேசுவதைக் கேட்டு, எந்த நூலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று வினவினார். அவர்களோ உலக்கையில் தளிர் விட்டதைப் பற்றிய நூல் என்று எள்ளி நகைத்தனர். மனம் வாடிய இவர் ஆசார்யனிடம் சென்று விண்ணப்பிக்க, பிள்ளை இரங்கித் தாமே கற்பித்தருளினார். பிற்காலத்தில் இவரே துறவு பூண்டு, திருவாய்மொழிக்குப் பன்னீராயிரப்படி என்னும் வியாக்கியானம் அருளிச்செய்தார். திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வியாக்கியானங்களில் ஒன்பதினாயிரப்படி நஞ்சீயருடையது; பன்னீராயிரப்படி இவருடையது. இவ்வாறு ஐந்தில் இரண்டு ஜீயர்கள் திருவாக்கில் பிறந்தவை. செல்வத்தைத் துறந்து வந்தவரும், அடுப்படியிலிருந்து எழுந்து வந்தவரும் ஒரே திருநாமத்துக்கு உரியவராயினர்.

இருண்ட காலத்தில் ஒரு விளக்கு

மணவாள மாமுனிகள் அவதரித்த காலம் எளிய காலமன்று. 1323 ஆம் ஆண்டில் படையெடுப்பு நேர்ந்தபோது, பிள்ளை லோகாசாரியர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு திருவரங்கத்தை விட்டு நீங்கினார். மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரித்தார். நம்பெருமாள் பல ஊர்களில் தங்கி, 1371 ஆம் ஆண்டிலேயே திருவரங்கம் மீண்டருளினார். இடைப்பட்ட ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் கோஷ்டிகள் கலைந்தன, ஓலைச்சுவடிகள் சிதறின, பெரியோர்கள் ஊர் ஊராகப் பிரிந்தனர். மூலத்தை ஓதத் தெரிந்தவருக்கு உரை தெரியாமலும், உரை அறிந்தவருக்குக் கேட்க ஆள் இல்லாமலும் போன காலம் அது.

அந்த மீட்சிக்கு ஓராண்டு முன்பு, 1370 ஆம் ஆண்டில், சாதாரண வருஷம் ஐப்பசி மாதம் மூல நக்ஷத்திரத்தில், ஆழ்வார்திருநகரியில் மாமுனிகள் அவதரித்தார். தந்தையார் திகழக்கிடந்தான் திருநாவீறுடைய பிரான் தாதரண்ணர். தாயார் ஸ்ரீரங்க நாச்சியார். தாயாரின் ஊராகிய சிக்கில் கிடாரத்தில் வளர்ந்தார். பெற்றோர் இட்ட திருநாமம் அழகிய மணவாளன். அரங்கனுக்குரிய அத்திருநாமமே இவர் வாழ்க்கை முழுவதையும் முன்கூட்டிச் சொல்லியதுபோல் அமைந்தது.

இவருக்கு ஆசார்யராக வாய்த்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. பாழடைந்து கிடந்த ஆழ்வார்திருநகரியைத் திருத்தி, நம்மாழ்வாரை மீண்டும் அங்கே எழுந்தருளப்பண்ணி, எம்பெருமானாருக்குத் தனிச் சந்நிதியும் சதுர்வேதிமங்கலமும் அமைத்தவர் அவர். நாலூராச்சான் பிள்ளையிடம் தாம் பெற்ற ஈட்டு முப்பத்தாறாயிரப்படியை அவர் இவருக்கு ஓதுவித்தார். எம்பெருமானார் சந்நிதிக் கைங்கர்யத்தையும் ஒப்படைத்தார். எதிராசரிடத்தில் இவருக்கிருந்த ஈடுபாட்டின் பயனாக இருபது ச்லோகங்கள் கொண்ட யதிராஜ விம்சதி பிறந்தது. யதீந்த்ர ப்ரவணர் என்னும் புகழ்ப்பெயரும் வந்தது. இராமாநுசரிடம் ஆழங்கால்பட்டவர் என்பது அதன் கருத்து. இவர் பெற்ற முதற் பெருமையும் பிறர் ஒருவரின் அடியவர் என்பதனால் வந்ததே.

திருவாய்மொழிப் பிள்ளை திருநாடு எழுந்தருளும் காலம் நெருங்கியபோது சிஷ்யரிடம் சில ஆணைகளை இட்டார். ஸ்ரீபாஷ்யத்தை ஒருமுறை கேட்டு, மற்றைக் காலமெல்லாம் ஆழ்வார்களின் அருளிச்செயலிலும் அவற்றின் வியாக்கியானங்களிலும் செலவிட வேண்டும். திருவரங்கத்திலேயே இருந்து பெருமாளுக்குப் பல்லாண்டு பாட வேண்டும் என்பனவே அவை. மாமுனிகளின் எஞ்சிய வாழ்வு முழுவதும் இவ்வாணைகளின் விரிவுரை என்றே சொல்லலாம். காஞ்சியில் கிடாம்பி நாயனாரிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டார். ஆசார்ய ஹ்ருதயத்தில் ஓரிடத்தில் ஐயம் எழுந்தபோது, திருநாராயணபுரத்து ஆயியை நாடிப் புறப்பட்டு, அவரிடமே அந்நூலைக் கேட்டுத் தெளிந்தார். புகழ் பெற்ற பின்னும் மாணவனாக நிற்க அவர் நாணவில்லை.

காஷாயம் பூண்ட காரணம்

மாமுனிகள் நெடுங்காலம் இல்லறத்தார், திருக்குமாரரையும் பெற்றவர். அவர் துறவு பூண்டதற்குப் பெரியோர் சொல்லும் காரணம் நெஞ்சில் பதிக்கத்தக்கது. உறவினர் இல்லங்களில் பிறப்பும் இறப்பும் நேரும்போதெல்லாம் தீட்டு நேர்ந்து, பெருமாளை மங்களாசாஸனம் செய்யும் கைங்கர்யம் தடைப்பட்டது. பல்லாண்டு பாடுவதற்காகவே திருவரங்கம் வந்தவருக்கு இத்தடையைப் பொறுக்க இயலவில்லை. ஆகவே உடன்கற்றவராகிய சடகோப ஜீயரிடம் ஸந்யாஸாச்ரமம் ஏற்றார். ஒருநாளும் கைங்கர்யம் தவறக்கூடாது என்ற ஒன்றே நோக்கம். உலகத்தை வெறுத்து ஓடிய துறவு அன்று அது. அரங்கன் வாசலை விட்டு ஒருநாளும் அகலாதிருக்க மேற்கொண்ட துறவு.

துறவு ஏற்றவர் பழைய பெயரை நீக்கிப் புதிய திருநாமம் பெறுவது வழக்கம். மடத்தின் தலைமையை ஏற்பவர்க்கோ பூர்வாச்ரமப் பெயர் மறைந்து, அம்மடத்துக்குரிய பட்டப்பெயரே நிற்கும். வானமாமலையில் ராமாநுஜ ஜீயர் என்றும், ஸ்ரீபெரும்பூதூரில் எம்பார் ஜீயர் என்றும் தலைமுறை தலைமுறையாக ஒரே திருநாமம் தொடர்வதை நாம் அறிவோம். அஹோபில மடத்தில் அழகியசிங்கர் என்றும், திருவரங்கம் ஆச்ரமத்தில் ஆண்டவன் என்றும், மைசூரில் பரகால ஸ்வாமி என்றும் வழங்குவனவும் இவ்வாறே. ஆள் மாறுவர், திருநாமம் மாறாது. ஏற்பவர் தம்மை அதனுள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

மாமுனிகள் விஷயத்தில் மட்டும் அரங்கன் வேறு வழி காட்டினான் என்பர். அழகிய மணவாளன் என்னும் திருநாமத்தை மாற்ற வேண்டா என்று திருவுள்ளமாயிற்றாம். ஆகவே அவர் அழகிய மணவாள மாமுனிகள் ஆனார். பல்லவராயன் மடம் அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கே காலக்ஷேபத்துக்கு ஒரு மண்டபம் அமைத்தபோது, அவர் அதற்குத் தம் பெயரை இடவில்லை. ஆசார்யனின் திருநாமமாகிய திருமலையாழ்வார் என்பதையே இட்டார். மடத்தின் தலைவர் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

சுவடி காத்த கைகள்

மாமுனிகள் செய்த பெரும்பணி மறைந்துபோகவிருந்தவற்றை மீட்டதே. கிடைத்த சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தாமே பிரதி எழுதினார். பிள்ளை லோகாசாரியரின் முமுக்ஷுப்படி, தத்வத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் ஆகியவற்றுக்கும், அவர் தம்பியாகிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயத்துக்கும் வியாக்கியானம் அருளினார். ஈட்டுக்குப் பிரமாணத் திரட்டு தொகுத்தார்.

பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சிய பகுதியைத் தொடாமல், அழிந்த பாசுரங்களுக்கு மட்டும் மாமுனிகள் உரை எழுதினார். முழுவதற்கும் தாமே புதிதாக எழுதும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆனால் முன்னோர் சொல் கிடைக்கும் இடத்தில் தம் சொல்லை வைக்க அவர் திருவுள்ளம் கொள்ளவில்லை.

தமிழில் அவர் அருளிய உபதேச ரத்தினமாலை, ஆழ்வார்கள் அவதரித்த நாளையும் ஊரையும், அருளிச்செயலுக்கு உரை செய்த பெரியோரையும் முறைப்படுத்திச் சொல்வது. திருவாய்மொழியின் நூறு பதிகங்களின் கருத்தை நூறு வெண்பாக்களில் அடக்கியது திருவாய்மொழி நூற்றந்தாதி. எதிராசரின் திருவடியை நோக்கிய ஏக்கம் ஆர்த்திப் பிரபந்தமாயிற்று. இம்மூன்றும் ஓலையைப் படிக்க இயலாதவரும் கேட்டு மனனம் செய்யத்தக்க எளிய தமிழில் அமைந்தன. சிதறிய கூட்டத்தைக் கூட்ட வேண்டுமானால், அவர்கள் வாயில் நிற்கும் பாட்டு வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எறும்பியப்பா என்னும் சிஷ்யர், ஆசார்யனின் அன்றாட நடைமுறையைக் கண்டு தினசர்யை என ச்லோகங்களாகப் பாடி வைத்தார். விடியுமுன் எழுந்து குருபரம்பரையைத் தியானித்தல், காவிரியில் நீராடல், பெருமாளைச் சேவித்தல், சிஷ்யர்களுக்கு அர்த்தம் அருளுதல் என ஒரே ஒழுங்கில் செல்கிறது அந்த நாள். அதில் அதிசயங்கள் குறைவு, ஒழுக்கமே மிகுதி.

தீயிட்டவர்க்கும் இரங்கியவர்

ஆழ்வார்திருநகரியில் ஸ்வாமி எழுந்தருளியிருந்தபோது, அவர் பெருமை பொறாத சிலர் நள்ளிரவில் மடத்துக்குத் தீயிட்டனர் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. ஸ்வாமி தீங்கின்றி வெளிப்பட்டார். செய்தி அறிந்த அரசன் குற்றவாளிகளைத் தண்டிக்க முற்பட்டான். ஆனால் மாமுனிகள் இடைநின்று, அவர்களை மன்னிக்கும்படி வேண்டினார். அக்கருணையில் தீயிட்டவர்களும் அரசனும் உருகி அவர் திருவடியை அடைந்தனர். எரிந்தது மடத்தின் கூரை. மடத்தின் உயிர் எரியவில்லை. ஜீயர் என்னும் திருநாமத்துக்கு வெற்றி என்ற பொருள் உண்டென்றால், அவ்வெற்றி எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

அரங்கனே மாணவனான ஆண்டு

1432 ஆம் ஆண்டு, பரிதாபி வருஷம் ஆவணி மாதம். மாமுனிகள் ஈட்டை விரித்துரைக்க வேண்டும். தான் கேட்க வேண்டும் என்று நம்பெருமாள் திருவுள்ளம் கொண்டதாகக் கோயிலில் நியமனம் பிறந்தது. பெருமாள் சந்நிதியில், ஐந்து வியாக்கியானங்களையும் ஒப்புநோக்கி, ஈட்டின் பொருளை ஸ்வாமி நாள்தோறும் அருளினார். மற்றை உத்ஸவங்களும் நிறுத்தப்பட்டு ஓராண்டுக் காலம் அது நடந்தது என்பர். ஐம்பது ஆண்டு சிதறிக் கிடந்த கோஷ்டி, ஓராண்டு முழுவதும் ஓரிடத்தில் அமர்ந்து, தன் முன்னோர் சொன்னதைத் தானே மீண்டும் கேட்டது.

1433 ஆம் ஆண்டு, பிரமாதீச வருஷம் ஆனி மூலத்தன்று சாற்றுமுறை. அப்போது அர்ச்சகரின் சிறுபிள்ளை ஒருவன் கோஷ்டியின் நடுவே வந்து நின்று, கை கூப்பி, ஸ்வாமியைப் போற்றும் தனியன் ஒன்றைச் சொல்லிச் சென்றான். பின்னர் அக்குழந்தையை அழைத்துக் கேட்டபோது அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அரங்கனே சிஷ்யனாய் வந்து ஆசார்யனுக்குத் தனியன் சமர்ப்பித்தான் என்று அடியார்கள் தெளிந்தனர். அந்தத் தனியனோ திருவாய்மொழிப் பிள்ளையின் அருளுக்குப் பாத்திரமானவர் என்பதைச் சொல்லியே மாமுனிகளைப் போற்றத் தொடங்குகிறது. இறைவன் பாடிய புகழிலும் அவருக்கு முன்னே அவர் ஆசார்யனே நிற்கிறார். இன்றும் தென்னாசார்ய மரபினர் அருளிச்செயல் சேவைக்கு முன்னும் பின்னும் அத்தனியனை அநுஸந்திக்கின்றனர்.

பெரிய என்பதன் பொருள்

மாமுனிகளை அண்டியிருந்தோரில் தலைசிறந்த எண்மரை அஷ்டதிக்கஜங்கள் என்பர். வானமாமலை ஜீயர், பட்டர்பிரான் ஜீயர், திருவேங்கட ராமாநுஜ ஜீயர் ஆகிய மூவர் துறவியர். கோயில் அண்ணன், பிரதிவாதி பயங்கரம் அண்ணா, எறும்பியப்பா, அப்பிள்ளை, அப்பிள்ளார் ஆகிய ஐவர் இல்லறத்தார். காஷாயம் தரித்தவருக்கும் தரியாதவருக்கும் ஒரே பொறுப்பை அவர் பகிர்ந்தளித்தார். சிஷ்யர்களிலும் ஜீயர்கள் பலர் இருந்தமையால், அவர்களுக்கெல்லாம் ஆசார்யரான இவர் பெரிய ஜீயர் ஆனார். தாம் ஒருவரே உயர்ந்து நின்றதால் வந்த பெரியவர் பட்டம் அன்று அது. பலரைத் தம்மைப்போல் ஆக்கியதால் வந்தது.

முதல் சிஷ்யராகிய பொன்னடிக்கால் ஜீயரே வானமாமலைக்கு எழுந்தருளி, தெய்வநாயகன் சந்நிதிக் கைங்கர்யத்தை ஏற்று, அங்குள்ள மடத்தின் முதல் ஜீயரானார். திருமலையில் கோயில் காரியங்களை மேற்பார்க்கும் பெரிய கேள்வி ஜீயருக்குத் துணையாகச் சிறிய கேள்வி ஜீயர் என்னும் பதவியை ஏற்படுத்தியதும் மாமுனிகளே என்பது மரபு. கேள்வி என்ற சொல்லையும் இங்கே நோக்க வேண்டும். பெருமாளுக்குத் தளிகை காலத்தில் ஆயிற்றா, மாலை வந்ததா, விளக்கு எரிகிறதா, கைங்கர்யபரர் குறையின்றி இருக்கின்றனரா என்று நாள்தோறும் கேட்க வேண்டியவர் என்பது அதன் கருத்து. பட்டம் என்பது கேட்கும் பொறுப்பு; கேட்டதற்குப் பெருமாளிடம் விடை சொல்ல வேண்டிய பொறுப்பும் அதுவே.

ருதிரோத்காரி வருஷம் மாசி மாதம் கிருஷ்ணபக்ஷ துவாதசியில், 1444 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்வாமி திருவரங்கத்தில் திருநாடு எழுந்தருளினார். அப்போது அவர் திருநக்ஷத்திரம் எழுபத்து மூன்று. ஸ்வாமியின் சரிதத்தைப் பிற்காலத்தில் பிள்ளை லோகம் ஜீயர் யதீந்த்ர ப்ரவண ப்ரபாவம் என்னும் நூலாக வரைந்து வைத்தார்.

இத்திருவிழாவில் எம்பெருமானைச் சேவிக்க வந்திருக்கும் அன்பர்கள், வீதியில் ஒரு ஜீயர் ஸ்வாமி எழுந்தருளக் கண்டால், குடையையும் பரிவட்டத்தையும் மட்டும் கண்டு நிறைவடைதல் போதாது. கைங்கர்யம் ஒருநாளும் தவறக்கூடாது என்ற கவலை, செல்லரித்த சுவடியைக் காத்த கைகள், தீயிட்டவர்க்கும் இரங்கிய உள்ளம், ஆசார்யன் பெயரின் பின்னே நின்ற அடக்கம் ஆகிய இவை யாவும் அத்திருநாமத்துக்குள் அடங்கியிருப்பதை நினைத்தல் வேண்டும். அவற்றில் ஒன்றையேனும் நம் இல்லத்துக்கு எடுத்துச் செல்வோமாயின், திருவிழாவுக்கு வந்த பயன் நமக்கு முழுமையாகக் கிட்டும். பெரிய ஜீயர் திருவடி நிழலில் ஸ்ரீவைஷ்ணவம் என்றும் தழைப்பதாகுக.